கிளினிக் துண்டை வகுப்பில் வாசிக்காதீர்கள்: யாழ்ப்பாணப் பாடசாலை அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்களில் சிலர் என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்து தேநீர் குடித்தவர்கள்; சிலர் என் வகுப்பில் படித்தவர்களாகவும் இருக்கக்கூடும். இருந்தும் இந்த மடலின் அடியில் என் பெயர் இராது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை வாழ்நாள் முழுவதும் மதிக்காதிருந்துவிட்டு, ஓய்வுக் காலத்தில் நானே ஒன்றை எழுத நேர்ந்திருப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைப் போட்டால் வீடு தெரியும். வீடு தெரிந்தால் பிள்ளை தெரியும். பிள்ளையின் இரகசியத்தை வெளியிட எனக்கு உரிமை இல்லை.

காலஞ்சென்ற என் தங்கையின் பேரப்பிள்ளையை நான் வளர்த்து வருகிறேன். ஆணா பெண்ணா, எந்த வகுப்பு, எந்தக் கோயிலடி என்பவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளை என்று மட்டும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று விபரம் போதும் என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளை பிறந்தது வெளிநாட்டில். தாய்க்கு எச்.ஐ.வி இருந்ததைப் பேறுகாலத்தில் எவரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. பிறந்த பிள்ளை நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகத் திரும்பத் திரும்ப ஆசுபத்திரியில் கிடந்து, இரண்டு வயதை நெருங்கும்போதுதான் காரணம் தெரியவந்தது. தாய் இன்று இல்லை. பிள்ளை இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, கணக்கில் கெட்டி, சித்திரத்தில் மட்டம், என்னை அம்மம்மா என்று கூப்பிடும். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டோடு இரண்டு மாத்திரை விழுங்குகிறது.

கடந்த தவணையில் ஒரு நாள் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் வகுப்பாசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது, முதல் நாள் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். பிள்ளை எழுந்து போய், வைத்தியசாலையில் தந்த துண்டை மேசையில் வைத்திருக்கிறது. ஆசிரியர் இளையவர், நல்ல பிள்ளை, வஞ்சகம் இல்லாதவர். எல்லாப் பிள்ளைகளுடைய கடிதத்தையும் வாசிப்பதுபோல அதையும் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். துண்டின் தலைப்பில் கிளினிக்கின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. "பாலியல் நோய்" என்ற இரண்டு சொல் வரைக்கும் வந்தவர் அங்கேயே நிறுத்தி, துண்டை நாலாய் மடித்து, வகுப்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இல்லாமல் முழுவதையும் வாசித்துவிட்டிருந்தாற்கூட இவ்வளவு சேதம் வந்திராது என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு. முன்வாங்கில் இருந்த நாலைந்து பிள்ளைகளுக்கு இரண்டு சொற்களும் கேட்டுவிட்டன. அவை கெட்ட சொற்கள் என்பதை ஆசிரியரின் முகம் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அன்று பின்னேரம் பிள்ளை என்னிடம் கேட்டது, "அம்மம்மா, பாலியல் எண்டா என்ன? எனக்கு ஏன் அந்த நோய்?" முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்குப் பதில் வரவில்லை. அது பெரிய ஆட்களுடைய கிளினிக், உனக்கும் அங்கேதான் மருந்து இருக்கிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு கிழமை கழித்து அலுமாரிக்குப் பின்னால் விழுந்துகிடந்த பழைய பென்சில் பெட்டி ஒன்றை எடுத்தபோது அது கலகலவென்று சத்தம் போட்டது. உள்ளே இருபத்திரண்டு மாத்திரைகள். நிலத்தில் கொட்டி எண்ணிப் பார்த்தேன். பதினொரு நாள் மருந்து. சிலவற்றின் மேற்பூச்சு ஈரத்தில் கரைந்து மற்றதோடு ஒட்டியிருந்தது. வாய்க்குள் வைத்து, நான் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பும்போது துப்பியிருக்கிறது. மருந்தை விட்டால் அந்தக் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை, போகாவிட்டால் துண்டு கொண்டுபோகத் தேவையில்லை என்பது பிள்ளையின் கணக்கு. கணக்கில் கெட்டி என்று சொன்னேனல்லவா.

பதினொரு நாள் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரார் எளிதில் விளங்கிக்கொள்ளும் ஒரு வழியில் சொல்கிறேன். எச்.ஐ.வி என்பது காணி உறுதிக்குள் தன் பெயரை எழுதிவிடுகிற கிருமி. உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையினுள் அது நுழைந்து, தன்னுடைய ஆர்.என்.ஏயை டீ.என்.ஏயாகப் பெயர்த்தெழுதி, அதைக் கலத்தின் சொந்த டீ.என்.ஏயோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. பிறகு அந்தக் கலம் தன் வீட்டு வேலை என்று நினைத்துக் கிருமிக்குப் பிரதி எடுத்துக்கொடுக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தில் ஒரே மாத்திரையாக வரும் அபாகவிர், லமிவுடின் என்ற இரண்டும் பெயர்த்தெழுதும் எழுதுவினைஞரின் பேனையைப் பிடித்து நிறுத்துகின்றன. மூன்றாவதாகிய டொலுடெகிராவிர், எழுதிய படியை உறுதியோடு சேர்த்துக் கட்ட மறுக்கிற நொத்தாரிசு மாதிரி. மூன்றும் இரத்தத்தில் இருக்கும்வரை புதிய பதிவு நடவாது. ஏற்கெனவே பதிவான சில உறுதிகள் உடலின் ஒதுக்குப்புறங்களில் மருந்துக்கு எட்டாமல் உறங்கிக் கிடப்பதால்தான் மருந்தை வாழ்நாள் முழுவதும் குடிக்க வேண்டியிருக்கிறது.

மருந்து விட்டுவிட்டு வரும்போது ஆபத்து இரண்டு மடங்கு. கிருமி பெருகுகிறது என்பது ஒன்று. அது பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழை விடுகிற கிருமி என்பது மற்றது. இரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கும் நாட்களில், அந்தக் குறைந்த மருந்தைத் தாங்கக்கூடிய பிழைப்பிரதி ஒன்று உருவானால் அதுவே பெருகி மற்றதையெல்லாம் தள்ளிவிடும். லமிவுடினைச் செயலிழக்கச் செய்ய ஒரேயொரு பிழை போதும். டொலுடெகிராவிர் அவ்வளவு இலேசில் விட்டுக்கொடுக்காத மருந்து என்பது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் பெரியவர்களுக்குப் பல மாற்று மருந்து இருக்கும் இடத்தில் சிறுபிள்ளைக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எழுபது வயதுவரை வாழவேண்டிய பிள்ளை, பத்து வயதுக்குள் ஒரு மருந்தைச் செலவழித்துவிட முடியாது.

இந்த மாத்திரைகள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் சொல்லவேண்டும். முன்பு பிள்ளைக்கு லொபினாவிர், ரிட்டோனாவிர் சேர்ந்த பாணி ஒன்றைக் கொடுத்தோம். அதில் 42 சதவீதம் மதுசாரம். ஒரு துளியை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன்; வேப்பெண்ணெயையும் பெற்றோலையும் கலந்ததுபோன்ற கசப்பு, தொண்டையில் மணிக்கணக்கில் நிற்கும். காலையும் மாலையும் அதைக் குடிப்பிப்பதற்கு முன்னும் பின்னும் பனங்கட்டித் துண்டு, அழுகை, சத்தி, திரும்பவும் அளந்து ஊற்றுதல். பாணியைக் குளிரில் வைக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, போத்தலை மண்பானைக்குள் இறக்கி, பானையைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, நிழலில் வைத்து, நாளுக்கு ஐந்தாறு தடவை தண்ணீர் தெளித்தேன். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. பானைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குப் பால்மா என்று சொன்னேன். பால்மாவும் கிடைக்காத நாட்கள் என்பதால், அந்தப் பொய்யால் வேறு சிக்கல் வந்தது.

அதன் பிறகுதான் டொலுடெகிராவிர் 10 மில்லிகிராம் கரையும் மாத்திரை எங்கள் பிள்ளைக்கும் கிடைத்தது. உலகத்தில் அது குழந்தைகளுக்கென்று வந்தது 2020இல். அதே ஆண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து வரும் மலிவான பிரதி மருந்துக்கு விலை பேசி முடிக்கப்பட்டது. குழந்தைகளுக்கான சிகிச்சைச் செலவு ஏறத்தாழ முக்கால்வாசி குறைந்தது. நாலு கிழமை வயதும் மூன்று கிலோ எடையும் வந்த சிசுவுக்கே கொடுக்கலாம். எங்கள் பிள்ளை அப்போது பதினாறு கிலோ. அந்த எடைக்கு இரண்டரை மாத்திரை. சிறிய கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மாத்திரையைப் போட்டால், மெல்லச் சுற்றிச்சுற்றிக் கரைந்து, ஸ்ட்ரோபெரி வாசத்தோடு வெள்ளைத் தண்ணீராகும். அரை மாத்திரையைச் சரியாக உடைப்பது மட்டும் என் வேலை. முதல் நாள் பிள்ளை குடித்துவிட்டுக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கியது. நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

எடை இருபது கிலோவைத் தாண்டியதும் பெரியவர்களுடைய 50 மில்லிகிராம் மாத்திரைக்கு மாறலாம் என்றார்கள். 2021இல் வெளியான ஒடிசி ஆய்வு, ஆபிரிக்காவிலும் தாய்லாந்திலும் ஐரோப்பாவிலும் எழுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், பழைய மருந்துகளைவிட டொலுடெகிராவிர் சிறப்பாகக் கிருமியை அடக்குவதைக் காட்டியது. இருபது கிலோ தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர் மாத்திரையே போதும் என்பதும் அந்த ஆய்வோடு உறுதியானது. முழு மாத்திரை விழுங்கப் பழக்கியது பனங்கட்டியால்தான். முதலில் அரிசியளவு, பிறகு உழுந்தளவு, பிறகு பயற்றளவு துண்டு. மெல்லாமல் தண்ணீரோடு விழுங்க வேண்டும், மென்றால் ஆட்டத்தில் தோல்வி. ஒன்பது நாளில் வென்றுவிட்டது. இவ்வளவு பாடுபட்டு விழுங்கப் பழகிய மாத்திரையைத்தான் பென்சில் பெட்டிக்குள் துப்பியிருக்கிறது.

எச்.ஐ.வியோடு பிறக்கும் குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால், இரண்டில் ஒன்று இரண்டு வயதைக் காணாது. பிறந்த முதல் கிழமைகளிலேயே மருந்தைத் தொடங்கினால் சிசு மரணம் 76 சதவீதம் குறைவதைத் தென்னாபிரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2008இலேயே காட்டியது. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் பதினெட்டு மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் நிற்பதால், வழமையான பரிசோதனை சிசுவுக்கு உதவாது. கிருமியையே தேடும் வேறு பரிசோதனை வேண்டும். அது எட்டாத நாடுகளில் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறார்கள். 2023இல் உலகில் எச்.ஐ.வியோடு வாழ்ந்த 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 14 இலட்சம். பெரியவர்களில் 77 சதவீதத்தினருக்குச் சிகிச்சை கிடைத்த அந்த ஆண்டில், பிள்ளைகளில் 57 சதவீதத்தினருக்குத்தான் கிடைத்தது.

இலங்கை இந்த விடயத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் நாடு என்பதை மறைக்கக் கூடாது. கர்ப்பிணிக் கிளினிக்குக்கு முதன்முறை போகும் தாய்க்குச் சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம் பார்க்கிறார்கள். இருந்தால் உடனே மருந்து. தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார தாபனம் எங்களுக்குச் சான்று தந்தது. குடும்பநல உத்தியோகத்தர் வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போன உழைப்பு அந்தச் சான்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு நிழல் உண்டு. எங்கள் பிள்ளையைப் போன்றவர்கள் இந்நாட்டில் மிகச் சிலர். சிலர் என்பதால் அவர்களுக்கென்று சங்கமில்லை, கூட்டமில்லை, சிறுவர் கிளினிக் என்று தனிப் பெயர்ப்பலகையில்லை. பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களுடைய வாங்கில் கால் ஆட்டிக்கொண்டு இருந்து தன் இலக்கம் வரும்வரை காத்திருக்கிறது. ஆயிரம் பிள்ளைகளுக்கு நடந்தால் செய்தியாகிவிடும் ஒன்று ஒரு பிள்ளைக்கு நடக்கும்போது அந்த வீட்டோடு முடிந்துபோகிறது.

உங்களில் பலருக்குக் குளியாப்பிட்டி நினைவிருக்கும். 2016இல், தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற பேச்சை வைத்து, முதலாம் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளையை அயலிலுள்ள பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. சேர்த்தால் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று மற்றப் பெற்றார் வாசலில் நின்றார்கள். அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி இருக்கவேயில்லை. இறுதியில் கண்டியிலுள்ள கல்லூரி ஒன்று சேர்த்துக்கொண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிரதம நீதியரசர் க. சிறீபவன் தலைமையிலான அமர்வு, எச்.ஐ.வியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வி உரிமையையும் மனித மாண்பையும் அரசு காக்கவேண்டும் என்பதைப் பதிவுசெய்தது. அந்தச் செய்தியை வாசித்த நாளில் ஆசிரியர் அறையில் நாங்கள், சிங்களப் பகுதியில் இப்படியெல்லாம் நடக்கிறது என்று பேசிக்கொண்டோம். எங்களுடைய பாடசாலை வாசலில் அப்படியொரு பிள்ளை வந்து நின்றால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெற்றாரின் பயத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். தெரியாத இடத்தில் பயம் வருவது இயல்பு. ஆனால் தெரிந்தவற்றைச் சொல்லத்தானே நாங்கள் சம்பளம் வாங்கினோம். ஒரே வாங்கில் இருப்பதாலோ, ஒரு போத்தலில் தண்ணீர் குடிப்பதாலோ, சோற்றுப் பெட்டியைப் பகிர்வதாலோ, கழிப்பறையாலோ, நுளம்பாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமலாலோ இந்தக் கிருமி தொற்றாது. மைதானத்தில் முழங்கால் உரசி இரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் எப்போதும் கேட்கப்படும் கேள்வி. எந்தப் பிள்ளையின் முழங்காலானாலும் கையுறை போட்டுக் கழுவிக் கட்டுவது. முதலுதவிப் பெட்டியில் கையுறை இல்லாவிட்டால் வாங்கி வைப்பது. எவர் உடலில் எது இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத உலகத்தில் அதுதான் விதி. எச்.ஐ.வியைவிட எளிதில் இரத்தத்தால் தொற்றுவது ஈரல் அழற்சி பி. அதற்காக நாங்கள் எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தியதில்லை. மேலும், ஒழுங்காக மருந்து குடித்து, பரிசோதனையில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து உடலுறவால்கூட இது தொற்றுவதில்லை என்பது இன்று ஐயமறத் தெரிந்த விடயம். வகுப்பறையைப் பற்றிப் பிறகு என்ன பேச்சு?

ஆகவே, பிள்ளைக்கு என்ன நோய் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியவேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அதிபருக்கும் இல்லை. வீட்டார் விரும்பிச் சொன்னால் அது அவர்கள் உங்களில் வைத்த நம்பிக்கை. அதற்கு மேல் ஒரு காதுக்கும் அது போகக் கூடாது. நான் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையின் வீட்டு விடயம் எவ்வளவு வேகமாகப் பயணம் செய்யும் என்பது எனக்குத் தெரியும். பல தடவை நானே அதை ஓட்டிச் சென்றிருக்கிறேன்.

என் பிழையைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு முகமில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள்; மாதத்தில் ஒரு நாள் வரமாட்டாள், கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள். மூன்றாம் முறை நான் அவளை வகுப்பு நடுவில் எழுப்பிவைத்து, காரணம் சொல்லும்வரை இருக்கக் கூடாது என்றேன். அரை மணி நேரம் நின்றாள். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவள் வரவேயில்லை. அவளுக்கு என்ன நோய், நோய்தானா, வேறு எதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் என் பிழை பிழைதான். அதே ஆண்டில் பாடநூலில் எச்.ஐ.வி பற்றிய பகுதி வந்தபோது, "இதை வீட்டில் வாசியுங்கோ, பரீட்சைக்குப் பெரிசா வராது" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். பெண் பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள், ஆண் பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கு ஒரு பாடவேளை மிச்சமானது.

நான் கேட்பவை பெரிய விடயங்கள் அல்ல. சுற்றறிக்கைக்கோ நிதி ஒதுக்கீட்டுக்கோ காத்திருக்கத் தேவையில்லாதவை. வராத பிள்ளையிடம் காரணத்தை வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். தரும் துண்டை வாய்விட்டு வாசிக்காதீர்கள். வைத்தியசாலை முத்திரையும் திகதியும் இருந்தால் அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை. இடாப்பில் குறித்துவிட்டுத் துண்டை உறையிலிட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம். காசநோய்க்காரப் பிள்ளைக்கும், வலிப்புள்ள பிள்ளைக்கும், மனநலக் கிளினிக்குக்குப் போகும் பிள்ளைக்கும், தலசீமியாவுக்கு இரத்தம் ஏற்றும் பிள்ளைக்கும் இதே மரியாதை தேவை. எல்லோருக்கும் ஒரே முறையாகச் செய்தால் எங்கள் பிள்ளை தனியே தெரியாது. வரவு ஒழுங்குக்கான பரிசைப் பரிசளிப்பு விழாவில் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் யோசியுங்கள். நோயில்லாத உடம்புக்குக் கொடுக்கும் பரிசு அது. அதை முயன்று சம்பாதித்த பிள்ளை என்றும் இல்லை, பிழைவிட்டுத் தவறவிட்ட பிள்ளை என்றும் இல்லை.

கல்விச் சுற்றுலா விடயம் கொஞ்சம் சிக்கலானது. எங்கள் பிள்ளையின் வகுப்பை அனுராதபுரத்துக்கும் கண்டிக்கும் இரண்டு இரவு கூட்டிப்போனபோது, பிள்ளைகளுடைய மருந்தையெல்லாம் பெயரும் நோயும் எழுதி ஒரு பையில் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. கவனக்குறைவாக ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் மருந்தைக் குடித்துவிடுமோ என்ற அக்கறையில் எழுதியது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நானே அப்படிக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனால் போத்தலின் மேலே இருக்கும் மருந்தின் பெயரைக் கைத்தொலைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் எல்லாம் வெளியே வந்துவிடும் காலம் இது. உறவினர் கலியாணம் என்று சொல்லிப் பிள்ளையை மறித்துவிட்டேன். தலதா மாளிகையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, போகாத பிள்ளை நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. நல்ல கட்டுரை என்று ஆசிரியர் குறிப்பும் போட்டிருந்தார். நோயின் பெயர் எழுதாமல், எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்று மட்டும் எழுதி ஒட்டிய உறையைப் பெற்றாரிடமிருந்து வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் போதுமானது.

மருந்து நேரத்தை நாங்கள் இரவில் வைத்திருப்பதும் பாடசாலையைக் கருதித்தான். இரும்புச்சத்தும் கல்சியமும் டொலுடெகிராவிரை வயிற்றில் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் வெறுவயிற்றில் ஒன்றாக விழுங்கினால் மருந்து இரத்தத்துக்குக் குறைவாகவே போய்ச் சேரும். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளை அங்கே எல்லோரோடும் அதை விழுங்கட்டும், இரவில் எங்கள் மாத்திரை இருக்கட்டும் என்று மருத்துவர் ஒழுங்குசெய்து தந்தார். ரியூசன் முடிந்து வரும் நேரமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ரியூசனைக் குறைக்கச் சொன்னால் ஊர் என்னைக் கல்லால் எறியும். அதை இங்கே கேட்கவில்லை.

சுகாதாரப் பகுதியினரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்களை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. பென்சில் பெட்டியை மேசையில் வைத்தபோது கூடத் தாதிய உத்தியோகத்தர் முதலில் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுத்தான் மாத்திரைகளைப் பார்த்தார். பிள்ளைக்குக் கொடுக்கும் துண்டில் கிளினிக்கின் பெயருக்குப் பதிலாக "வைத்தியசாலைக்கு வருகை தந்தார்" என்று ஒரு வரியும் ஒரு முத்திரையும் போடுங்கள். உடல்நிலை சீராக உள்ள பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார தாபனமே சொல்கிறது. இயலுமான இடத்தில் கிளினிக் நாளைத் தவணை விடுமுறைக்குள் விழச் செய்யுங்கள். துண்டு தேவைப்படாவிட்டால் வாசிப்பதற்கும் எதுவும் இராது.

பிள்ளைக்கு உண்மையை எப்போது சொல்வது என்பது எங்கள் வீட்டு வேலை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கு, விளங்கும் அளவுக்குக் கொஞ்சங்கொஞ்சமாகச் சொல்லிவைக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. பென்சில் பெட்டிக்குப் பிறகு ஒரு நாள், வீட்டுக் காணி உறுதியை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, மேலே நான் சொன்ன கதையைப் பிள்ளைக்குச் சொன்னேன். நொத்தாரிசு ஒவ்வொரு இரவும் வேலைக்கு வரவேண்டும், ஒரு நாள் வராவிட்டாலும் கள்ள உறுதி எழுதிவிடுவார்கள் என்றேன். கிருமியின் பெயரையும் சொன்னேன். பிள்ளை நீண்ட நேரம் உறுதியின் பழைய முத்திரையை விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்கு நொத்தாரிசு வரேல்லையா?" என்று கேட்டது. பிந்தி வந்தவர் என்றேன்.

அன்றிலிருந்து மாத்திரை தவறவில்லை. நான் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை, அதுவாகவே காட்டும். அந்தப் பதினொரு நாள் என்ன செய்திருக்கிறது என்பதை அறிய, மூன்று மாதம் ஒழுங்காகக் குடித்த பின் மறுபடி இரத்தம் எடுத்துக் கிருமியின் அளவைப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நாள் ஒரு புதன்கிழமை. அன்று யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை வந்திராது. வியாழக்கிழமை காலையில் அது ஒரு துண்டோடு உங்கள் மேசையடிக்கு வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.